வீட்டுலயே படிக்க வைக்கப் போறீங்களா? முதல்ல ஃபைல், அப்புறம் பாடம்

புள்ளைங்கள வீட்டுல வச்சு படிக்க வைக்கறதப் பத்தி என்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த சிலபஸ், எந்த ஆப், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்னுதான். அதெல்லாம் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல ஹோம்ஸ்கூலிங் பண்றவங்கள அலைய விடறது பாடம் கெடையாது, பேப்பருங்கதான். 14 வயசுல பரீட்சைக்கு அப்ளை பண்ணப் போகும்போது பிறந்த தேதி ஆதார்ல ஒண்ணு, பர்த் சர்டிஃபிகேட்ல ஒண்ணுன்னு இருக்கும், இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி இன்னொரு இடத்துல பின்னாடி இருக்கும், அத சரி பண்ணவே அந்த வருஷம் போயிடும். அதனால நான் எப்பவும் சொல்றது, பாடத்துல எவ்ளோ வேணா ஃப்ரீயா இருங்க, ஃபைல் விஷயத்துல மட்டும் ரொம்ப ஸ்ட்ரிக்டா இருங்க. நாம எடுக்கற முடிவால புள்ளைக்கு நாளைக்கு இருக்கற எந்த வழியும் தெரியாம அடைபட்டுடக் கூடாது. தெரிஞ்சே ஒண்ண விட்டுக் குடுக்கறோம்னா அது வேற.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பேச வேண்டியது

ஏன் இத பண்றோம்னு வீட்டுல இருக்கற பெரியவங்க எல்லாரும் சேர்ந்து பேசிடுங்க. ஒரு டீச்சர் பிடிக்கல, கிளாஸ்ல ஒரு பையன் அடிக்கறான், ஃபீஸ் ஏத்திட்டாங்க, இதெல்லாம் காரணம்னா முதல்ல வேற ஸ்கூல் பாருங்க, பக்கத்துல இருக்கற கவர்மென்ட் ஸ்கூலையும் சேத்துப் பாருங்க, பல ஊர்ல நாம நெனைக்கறதவிட நல்லாவே இருக்கு. ரெண்டு பேரும் முழு நேர வேலைக்குப் போறீங்க, பகல்ல பெரியவங்க யாரும் வீட்டுல இல்லன்னா தயவுசெஞ்சு இத எடுக்காதீங்க, டேப்லட்டும் புள்ளையுமா தனியா விடறதுக்கு ஸ்கூலே ஆயிரம் மடங்கு மேல். அப்பா வேலைக்குப் போயிட்டு அம்மா மட்டும் முழுசா பாத்துக்கற வீடுன்னா, அப்பாவோட பங்கு என்னன்னு முதல்லயே பிரிச்சு வச்சிடணும், ராத்திரி கதை வாசிக்கறது அவர், ஞாயித்துக்கிழமை வெளில கூட்டிட்டுப் போறது அவர், கணக்கு அவர்னு ஏதாவது ஒண்ணு நிலையா இருக்கணும். "உனக்கு முடிஞ்சப்ப பாரு"ன்னு விட்டா எல்லாமே ஒருத்தர் தலையில வந்து விழுந்து, கொஞ்ச நாள்ல அவங்க சோர்ந்து போயி, அந்த எரிச்சல் எல்லாம் புள்ளை மேலதான் இறங்கும்.

மாற்றுத்திறன் ரொம்ப அதிகமா இருக்கற குழந்தைன்னா இன்னொரு வழியும் இருக்கு. சமக்ர சிக்ஷாங்கற அரசுக் கல்வித் திட்டத்துல ஸ்கூல்ல பேர் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்கற ஏற்பாடு இருக்கு, உங்க வட்டார வள மையத்துல போய் கேளுங்க. அப்படி இருக்கறப்ப பேர எடுத்துட்டு முழுசா வெளில வரணும்னு அவசியம் இல்ல.

சட்டம் என்ன சொல்லுது

2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறையில இருக்கு, 6 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும் எல்லா குழந்தைக்கும் இலவசக் கல்வி உரிமைன்னு. அதோட 10ஆவது பிரிவு, குழந்தைய பக்கத்துல இருக்கற பள்ளியில சேக்கறது பெத்தவங்களோட கடமைன்னு சொல்லுது. ஆனா சேக்கலன்னா பெத்தவங்களுக்கு என்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல. வீட்டுக்கல்விய ஏத்துக்கறோம்னு ஒரு வரியும் கெடையாது, கூடாதுன்னும் தனியா ஒரு வரி கெடையாது. ரொம்ப தைரியமாவும் சொல்லிக்க முடியாது, பயந்து ஒளியவும் வேண்டியதில்ல, நிலைமை அவ்ளோதான்.

நடைமுறையில என்ன ஆகும்னா, வருஷா வருஷம் ஏப்ரல் மே வாக்குல பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புன்னு ஆசிரியர் பயிற்றுநர்களும் டீச்சர்களும் தெருத் தெருவா வருவாங்க. குழந்தைத் தொழிலாளரா யாராவது இருக்காங்களா, இடம்பெயர்ந்து வந்தவங்க புள்ளைங்க படிப்பு நின்னு போச்சான்னு கண்டுபிடிக்கறதுக்காக நடக்கற நல்ல வேலை அது. அவங்ககிட்ட எரிஞ்சு விழாதீங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, புள்ளை எழுதின நோட்டு, படிக்கற புக்கு, போயிட்டு வந்த எடத்தோட போட்டோ எல்லாம் காட்டுங்க. அவங்க புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசினாலே புரிஞ்சுக்குவாங்க, வேணும்னா எப்ப வேணா எங்க பள்ளியில சேத்துக்கறோம்னு சொல்லிட்டுத்தான் போவாங்க, அவங்க போன் நம்பர வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க.

ஃபைல்

ஏற்கெனவே ஸ்கூல்ல இருந்து நிறுத்தறீங்கன்னா டிசி வாங்காம வராதீங்க. சும்மா அனுப்பாம விட்டுட்டா பேர் அங்கயே தொங்கிட்டு இருக்கும். எமிஸ் நம்பர், அதாவது கல்வித் துறை ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்கற நம்பர், டிசில இருக்கான்னு பாருங்க, ஸ்கூல்ல அந்த நம்பர காமன் பூலுக்கு (எந்த ஸ்கூல்லயும் இல்லாத புள்ளைங்களோட பொதுப் பட்டியல்) மாத்திட்டாங்களான்னும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா பின்னாடி வேற ஸ்கூல்ல சேக்கும்போது அங்கேர்ந்துதான் அவங்க எடுக்கணும், எடுக்க முடியலன்னா நீங்க பழைய ஸ்கூலுக்கும் புது ஸ்கூலுக்கும் நடுவுல அலையணும். ரிப்போர்ட் கார்டு எல்லாத்தையும் எடுத்து வைங்க.

பர்த் சர்டிஃபிகேட்ல குழந்தை பேர் ஏறியிருக்கணும், நிறைய பேர் வீட்டுல "ஆண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும், அப்படியே விட்டிருப்பாங்க. ஆதார்ல 5 வயசுலயும் 15 வயசுலயும் கைரேகை புதுப்பிக்கணும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ரெண்டும் இ-சேவைல அப்ளை பண்ணி வாங்கி வைங்க, ஸ்கூல் புள்ளைங்களுக்கு டிசி இருக்கறதால சில வேலை சுலபமா முடியும், நமக்கு பெத்தவங்க சான்றிதழ வச்சு பண்ண வேண்டி வரலாம், அதனால அவசரம் இல்லாத காலத்துலயே முடிச்சிடறது நல்லது. எல்லாத்துலயும் பேர் ஸ்பெல்லிங், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கணும், இது ஒண்ண மட்டும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

இதோட சேத்து மாசம் ஒரு பக்கம் எழுதி வைக்கற பழக்கம் இருந்தா ரொம்ப உதவும். இந்த மாசம் என்ன படிச்சான், எங்க போனான், என்ன செஞ்சான், எதுல திணறினான்னு ஒரு பக்கம், அவ்ளோதான். கணக்கெடுப்புக்கு வர்றவங்களுக்குக் காட்டவும் ஆகும், ஸ்கூல்ல திரும்ப சேக்கும்போதும் ஆகும், எல்லாத்தையும் விட ஒண்ணுமே நடக்கலையேன்னு மனசு சோர்ந்து போற நாள்ல நாமளே எடுத்துப் பாத்துக்க ஆகும்.

பரீட்சைக்கு என்ன வழி

மூணு வழி இருக்கு. நிறைய பேர் போறது என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989ல மத்திய அரசு ஆரம்பிச்சது, சென்னைல மண்டல அலுவலகம் இருக்கு. 10ஆம் வகுப்புக்கு 14 வயசு முடிஞ்சிருந்தா சேரலாம், 8ஆவது சர்டிஃபிகேட் இல்லாட்டியும் அந்த அளவுக்கு படிச்சிருக்கேன்னு சுய உறுதி எழுதிக் குடுத்தா போதும். 5 பாடம் எடுக்கணும், அதுல குறைஞ்சது ஒண்ணு மொழிப்பாடம், தமிழும் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவ பொதுத்தேர்வு, ஏப்ரல் மே ஒரு தடவ, அக்டோபர் நவம்பர் ஒரு தடவ. பாஸ் மார்க் 33 சதவீதம். ஒரே தடவையில எல்லாத்தையும் எழுதணும்னு இல்ல, 5 வருஷத்துக்குள்ள 9 வாய்ப்பு, இப்ப ரெண்டு பாடம் அப்புறம் மூணு பாடம்னு பிரிச்சு எழுதலாம், பதட்டப்படற புள்ளைங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும். டிஎம்ஏன்னு அசைன்மென்ட் ஒண்ணு உண்டு, அதுக்கு 20 சதவீத வெயிட்டேஜ், அத நேரத்துக்கு அப்லோட் பண்ணாம விட்டுடாதீங்க. 10க்கும் 12க்கும் நடுவுல ரெண்டு வருஷம் இடைவெளி வேணும்.

இதுல ஒரு விஷயம் கவனமா இருக்கணும். கணக்கும் அறிவியலும் எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லாததால கஷ்டமா இருக்குன்னு சொல்லி 10லயே விட்டுடறாங்க. 14 வயசுல பிடிக்கலன்னு சொன்ன புள்ளை 16 வயசுல இன்ஜினியரிங் போகணும்னு சொல்லலாம், இல்ல 11ஆவதுக்கு ஸ்கூல்ல சேரணும்னு கேக்கலாம், அப்ப குரூப் கிடைக்காது. புள்ளைக்கு உண்மையிலேயே முடியாத நிலைமைன்னா சரி, மத்தபடி ரெண்டையும் எடுக்க வைங்க. 33 மார்க் வாங்கினாக்கூட வழி இருக்கும்.

ரெண்டாவது, நம்ம ஸ்டேட் போர்டுலயே தனித்தேர்வரா எழுதறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் 8ஆம் வகுப்புக்கே தனித்தேர்வர் பரீட்சை நடத்துது, 12½ வயசு முடிஞ்சா நேரடியா எழுதலாம். அது பாஸ் பண்ணிட்டா 14½ வயசுல 10ஆம் வகுப்ப எழுதலாம். அறிவியலுக்கு செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே தனியா பேர் பதியணும், அந்த அறிவிப்பு பேப்பர்ல ஒரு சின்ன மூலைல வரும், கண்ணுல படாம போயிடும், அதனால உங்க மாவட்டத்துல இருக்கற அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு ஒரு தடவ நேர்ல போய் எப்ப அப்ளை பண்ணணும்னு கேட்டு வச்சுக்கோங்க. என்ஐஓஎஸ்தான் எடுக்கப் போறீங்கன்னாலும் இந்த 8ஆம் வகுப்ப எழுதி வச்சுக்கறது நல்லதுன்னு நான் சொல்லுவேன், கைல ஒரு மாநில அரசு சான்றிதழ் இருக்கும், புள்ளைக்கும் ஹால் டிக்கெட் எடுத்துட்டுப் போய் ஒரு ஹால்ல மத்தவங்களோட உக்காந்து எழுதற அனுபவம் கிடைக்கும்.

மூணாவது ஐஜிசிஎஸ்இ, 10ஆம் வகுப்பு அளவுல நடக்கற ஒரு சர்வதேசப் பரீட்சை, ப்ரைவேட் கேண்டிடேட்டா எழுத விடற சென்டர்கள் இருக்கு. ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் ஆயிரக்கணக்குல ஃபீஸ் ஆகும். வெளிநாட்டுக் காலேஜ்னு தெளிவா இருக்கறவங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு அவ்ளோ செலவு தேவையான்னு யோசிங்க.

டாக்டர் ஆகணும்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 2018ல ஓப்பன் ஸ்கூல்ல படிச்சவங்க நீட் எழுத முடியாதுன்னு ஒரு விதி வந்துச்சு, டில்லி ஹைகோர்ட் அந்த வருஷமே அத ரத்து பண்ணிடுச்சு, 2024ல சுப்ரீம் கோர்ட்டுலயும் நமக்கு சாதகமாவே முடிஞ்சுது. அதனால அந்த பயம் இப்ப வேணாம்.

எதெல்லாம் விட்டுப் போகும்

இத யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டேங்கறாங்க, எல்லாரும் நல்லது மட்டுமே பேசறாங்க, அதனால நான் விவரமாவே சொல்லிடறேன். 6லேர்ந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020லேர்ந்து இருக்கு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் மாதிரி படிப்புக்கும் வந்துச்சு. வீட்டுல படிக்கற புள்ளைக்கு அது கிடையாது. பொண்ணுங்களுக்கு காலேஜ் படிக்கும்போது மாசம் 1000 ரூபா குடுக்கற புதுமைப் பெண் திட்டம், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், இதுவும் அரசுப் பள்ளியில 6லேர்ந்து படிச்சிருக்கணும்ங்கற கணக்குலதான் வருது.

தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 சதவீத முன்னுரிமை இருக்குல்ல, 2020ல அந்தச் சட்டத்த திருத்தினப்புறம் 1ஆம் வகுப்புலேர்ந்தே தமிழ்வழில படிச்சதுக்கு சான்றிதழ் கேக்கறாங்க, ஸ்கூலுக்குப் போகாம தனித்தேர்வரா எழுதினவங்களுக்கு அது பொருந்தாது. நம்ம வீட்டுல எல்லாமே தமிழ்லதான் சொல்லிக் குடுத்தோம்னு சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. உங்க குடும்பத்துல புள்ளை குரூப் 4, குரூப் 2 எழுதி அரசு வேலைக்குப் போகணும்ங்கற எண்ணம் இருந்தா, வசதி குறைஞ்ச குடும்பம்னா, இந்த மூணும் சேர்ந்து ரொம்ப பெரிய விஷயம், அத விட்டுட்டு வீட்டுல படிக்க வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 5ஆவது வரைக்கும் வீட்டுல வச்சு 6ஆவதுக்கு கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தா முதல் ரெண்டும் கிடைக்கும்ங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க.

விளையாட்டுல நல்லா வர்ற புள்ளைன்னா, பாரதியார் தின, குடியரசு தினப் போட்டியெல்லாம் ஸ்கூல் மூலமாத்தான் போக முடியும். நம்ம புள்ளைங்க கிளப், மாவட்ட சங்கம் வழியா போகணும், மாவட்ட ஸ்டேடியத்துல எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) கோச்சிங் இருக்கும், விசாரிங்க. பஸ் பாஸும் கிடையாது.

ஒரு நாள் எப்படி இருக்கும்

ஸ்கூல்ல இருந்து நிறுத்தின உடனே திங்கக்கிழமை காலைல 9 மணிக்கு வீட்டுல பெல் அடிக்காதீங்க. கொஞ்ச வாரம் சும்மா விடுங்க, தூங்கட்டும், விளையாடட்டும், போரடிக்குதுன்னு அதுவே வந்து சொல்லட்டும். ஸ்கூல்ல அடிபட்டோ திட்டு வாங்கியோ வந்த புள்ளைன்னா மாசக்கணக்குல கூட ஆகும், அதுவரைக்கும் கதை வாசிச்சுக் காட்டறது, சமையல்ல கூட நிக்க வைக்கறது, தோட்டம், கடை கண்ணின்னு போகட்டும்.

அப்புறமும் டைம்டேபிள்னு நேரம் போட்டு எழுதாதீங்க, வரிசை மட்டும் வச்சுக்கோங்க. காலைல சாப்பிட்டதும் கணக்கு, அப்புறம் தமிழ் வாசிப்பு, அப்புறம் வெளில, மதியம் தூக்கம் இல்லன்னா கைவேலை, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி கதை, இப்படி ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு. நேரம் முன்ன பின்ன ஆனாலும் வரிசை மாறலன்னா புள்ளைக்கு அடுத்து என்னன்னு தெரியும், தினம் சண்டை வராது. 7 வயசு வரைக்கும் உக்கார வச்சு படிக்கறது அரை மணி நேரம் போதும், 10 வயசுல ஒண்ணரை ரெண்டு மணி நேரம், 13 தாண்டினா மூணு மணி நேரம், இது என் கணக்கு. கிளாஸ்ல 40 பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுத்து, அமைதிப்படுத்தி, போர்டுல எழுதி, நோட்டு திருத்தற நேரமெல்லாம் நமக்கு இல்லையே.

புக்குக்கு செலவே பண்ண வேணாம். தமிழ்நாடு பாடநூல் கழக வெப்சைட்ல எல்லா கிளாஸ் புக்கும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம், 2018லேர்ந்து வந்த புது புக்குல க்யூஆர் கோடு இருக்கும், ஸ்கேன் பண்ணினா வீடியோ வரும். என்சிஇஆர்டி புக்கும் அப்படித்தான் இலவசம். இத வரி வரியா நடத்தணும்னு இல்ல, ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ அந்தந்த வயசு கணக்கு புக்கையும் மொழி புக்கையும் எடுத்து, இது தெரியுது இது தெரியலன்னு டிக் பண்ணிப் பாருங்க. ஸ்கூலுக்குத் திரும்பிப் போற வழி அடையாம இருக்க இது ஒண்ணு போதும்.

தமிழ்

அ ஆ இ ஈன்னு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம்னு 247ஐயும் வரிசையா எழுத வச்சு அப்புறம்தான் வாசிக்கணும்னு இருந்தா புள்ளைக்கு தமிழ் மேலயே வெறுப்பு வந்துடும். ட, ப, ம, க, இந்த நாலு எழுத்தும் அதுக்கு புள்ளி வச்சதும் மட்டும் முதல்ல சொல்லிக் குடுங்க. படம், பட்டம், பக்கம், கட்டம், மட்டம், கம்பம்னு அன்னிக்கே வாசிச்சிடும், தேனிப் பக்கம் இருக்கறவங்க புள்ளைன்னா பஸ் போர்டுல கம்பம்னு தானே படிச்சுட்டு குதிக்கும். அடுத்த வாரம் துணைக்கால் மட்டும் சேருங்க, பாப்பா, மாமா, காக்கா, பாடம், காகம் எல்லாம் வந்துடும். அப்புறம் ல, ர, த, ன, அப்புறம் கொம்பு, இப்படி கொஞ்சம் கொஞ்சமா போனா, முழு எழுத்தும் தெரியறதுக்குள்ளயே வாசிக்கற பழக்கம் வந்திருக்கும். எழுதறத அவசரப்படுத்தாதீங்க, கை வலுவாக 6 வயசு 7 வயசு கூட ஆகலாம், அதுவரைக்கும் மணல்ல, அரிசி மாவுல, சிலேட்டுல எழுதட்டும்.

வாசிக்க கதை வேணும்னா ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க நிறைய இருக்கு, லெவல் 1லேர்ந்து 4 வரைக்கும் பிரிச்சிருப்பாங்க, எல்லாம் இலவசம். படிச்சதப் பத்தி கேள்வி கேட்டு பரீட்சை வைக்காதீங்க ப்ளீஸ். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்லேர்ந்து வந்த புள்ளைங்களுக்குத்தான் தமிழ்ல அதிக நேரம் குடுக்கணும், டிஎன்பிஎஸ்சி எழுதறதுன்னா தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம்ங்கறத விடுங்க, ஆச்சி எழுதின லெட்டர் பேரனுக்கு வாசிக்கத் தெரியலன்னா அது எவ்ளோ பெரிய இழப்பு.

கணக்கு

வீட்டுல படிக்கறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கணக்குதான், ஏன்னா நம்ம வீட்டுல அது எங்க பாத்தாலும் கெடக்கு. பல்லாங்குழில ஒரு பக்கம் 7 குழி, குழிக்கு 5 முத்து போட்டா அஞ்சாம் வாய்ப்பாடு, 6 போட்டா ஆறாம் வாய்ப்பாடு. ரெண்டு பக்கமும் சேத்து எத்தன, இப்ப உன்கிட்ட எத்தன, என்கிட்ட எத்தன அதிகம்னு பேசிக்கிட்டே விளையாடினா கூட்டல் கழித்தல் பெருக்கல் எல்லாம் வாயிலயே வந்துடும்.

கோலம் இன்னும் மேல. 7 புள்ளி, 4 வரைக்கும் இடுக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்க, மொத்தம் எத்தன புள்ளின்னு எண்ணச் சொல்லுங்க, 37 வரும். 5 புள்ளி 3 வரைக்கும்னா 19. 3 புள்ளி 2 வரைக்கும்னா 7. 9 புள்ளி 5 வரைக்கும்னா எவ்ளோ வரும்னு எண்ணாமலே சொல்ல முடியுமான்னு கேட்டுட்டு நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. 7க்கும் 19க்கும் வித்தியாசம் 12, 19க்கும் 37க்கும் 18, அப்ப அடுத்தது 24 கூடணும், 61ன்னு அதுவா கண்டுபிடிச்சு ஓடி வர்ற புள்ளைக்கு எண்தொடர்னா என்னன்னு யாரும் தனியா நடத்த வேண்டாம். அதே மாதிரி நேர்ப்புள்ளில 7லேர்ந்து 1 வரைக்கும் வச்சா 25 வரும், அதுல மேல பாதி 16, கீழ மிச்சம் 9, ரெண்டும் வர்க்க எண், ஏன்னு யோசிக்க விடுங்க. பொண்ணு பையன்னு பாக்காதீங்க, பையனும் வாசல்ல உக்காந்து புள்ளி வைக்கட்டும்.

பெரிய புள்ளைங்களுக்கு கரண்ட் பில். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல ஸ்லாப் ஸ்லாபா ரேட் ஏறும். வாரா வாரம் மீட்டர் பாத்து எழுதறது புள்ளையோட வேலைன்னு குடுத்துடுங்க. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், அப்ப 75 வாட் ஃபேன் எத்தன மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், 13 மணி நேரத்துக்கு மேல ஓடும். ஏசி? அயர்ன் பாக்ஸ்? பில் எவ்ளோ வரும்னு அதுவே போட்டுட்டு, மெசேஜ் வந்ததும் சரியா வந்துச்சான்னு பாக்கும், தசமம், சதவீதம், கிராஃப் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. வாய்ப்பாடு மட்டும் மனப்பாடமா தெரியணும்னு நான் நெனைக்கறேன், அதுல நான் பழைய ஆளுதான், 16 வரைக்கும் சொல்ல வைங்க.

அறிவியலுக்கு ஒரே ஒரு உதாரணம்

மொட்டை மாடில ஒரு குச்சிய நேரா நட்டு மதியம் நிழல் எவ்ளோ நீளம்னு வாரம் ஒரு தடவ அளந்து எழுதச் சொல்லுங்க. மார்ச்லேர்ந்து அது குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு நாள் நிழலே இல்லாம போகும். கன்னியாகுமரில ஏப்ரல் 10, 11 வாக்குல, சென்னைல ஏப்ரல் கடைசி வாரத்துல, நடுவுல இருக்கற ஊருக்கெல்லாம் நடுவுல. ஆகஸ்ட்ல திரும்ப ஒரு தடவ வரும், தெக்கே போகப் போக செப்டம்பர் கிட்ட. அத்தை வீடு சென்னைல இருந்தா அங்க ஒரு குச்சி, நம்ம வீட்டுல ஒரு குச்சி, ரெண்டு பேரும் போன்ல அளவு சொல்லிக்கிட்டா பூமி உருண்டைங்கறது புக்குல படிக்காமலே புரியும். ஒரு ரூபா செலவு இல்ல.

மத்தபடி வார நாள்ல மியூசியம், லைப்ரரி போங்க, கூட்டமே இருக்காது, அது நமக்கு இருக்கற பெரிய வசதி. எழும்பூர் மியூசியம் 1851லேர்ந்து இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு, தெரியாம போய் நிக்காதீங்க. மதுரைப் பக்கம்னா 2023ல திறந்த கீழடி மியூசியமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஒரே பயணத்துல பாத்துடலாம், சென்னைல அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்களுக்குன்னே தனி பகுதி இருக்கு.

கூட்டாளிங்க, கேள்விங்க

"ஸ்கூல் போகலன்னா நாலு பேரோட எப்படி பழகும்"னு எல்லாரும் கேப்பாங்க. நியாயமான கேள்விதான், கோவப்படாதீங்க. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா உண்மையிலேயே பழகாது. தெருப் புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற 4 மணிக்கு நம்ம புள்ளை வெளில இருக்கணும், அந்த நேரத்துல வேற கிளாஸ் எதுவும் போடாதீங்க. வாரம் ஒரு தடவையாவது ஒரே புள்ளைங்கள திரும்பத் திரும்ப பாக்கற மாதிரி ஒரு இடம் வேணும், சிலம்பம், கபடி, நீச்சல், பாட்டு, எதுவா இருந்தாலும் சரி. ஊர்ல ஹோம்ஸ்கூல் குடும்பங்க இருந்தா மாசம் ஒரு தடவ பார்க்ல கூடுங்க, ஸ்வசிக்ஷண்னு இந்திய அளவுல ஒரு சங்கமும் இருக்கு.

ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, கல்யாண வீட்டுல பெரியப்பான்னு எல்லாரும் புள்ளைகிட்டதான் நேரா கேப்பாங்க, "ஏன்டா ஸ்கூல் போகல, எத்தனாவது படிக்கற"ன்னு. அது திருதிருன்னு முழிக்கக் கூடாது. "வீட்டுல படிக்கறேன் மாமா, 5ஆவது பாடம்"னு சொல்லப் பழக்குங்க, அவ்ளோ போதும், விளக்கம் குடுக்க வேண்டியது அதோட வேலை இல்ல. தாத்தா பாட்டிக்கு பயம் இருக்கும், அவங்ககிட்ட வாதம் பண்றதவிட ஒரு பொறுப்பு குடுங்க, தாத்தாவுக்கு பேப்பர் வாசிக்க வைக்கறது, பாட்டிக்கு கதை சொல்றது, ரெண்டு மாசம் அவங்க கண்ணு முன்னாடி புள்ளை வளர்றத பாத்தாங்கன்னா அவங்களே சொந்தக்காரங்ககிட்ட நமக்காகப் பேசுவாங்க.

திரும்ப ஸ்கூல்ல சேக்கணும்னா

புள்ளை கேட்டாலோ உங்களால முடியலன்னாலோ தயங்காம சேத்துடுங்க, அதுல தோல்வின்னு ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ, மார்ச் வாக்குல, புள்ளைகிட்ட நேராவே கேளுங்க, அடுத்த வருஷம் வீடா ஸ்கூலான்னு, அது சொல்ற பதில மதிங்க. 14 வயசு வரைக்கும், கல்வி உரிமைச் சட்டத்தோட 4ஆவது பிரிவுப்படி, இதுவரைக்கும் எந்த ஸ்கூலுக்கும் போகாத புள்ளையையும் நடுவுல நிறுத்தின புள்ளையையும் அதோட வயசுக்கேத்த கிளாஸ்லதான் சேக்கணும், 10 வயசுப் பையன 1ஆவதுல உக்கார வைக்க முடியாது, பின்தங்கி இருந்தா சிறப்புப் பயிற்சி குடுக்கணும். வயசுக்கு சான்று இல்லன்னு சொல்லி சேத்துக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது, அட்மிஷன் தேதி முடிஞ்சுதுன்னும் திருப்பி அனுப்பக் கூடாது. கவர்மென்ட் ஸ்கூல்னா எச்எம்ம ஏப்ரல் மே மாசத்துலயே நேர்ல பாத்து, அந்த ஃபைல முன்னாடி வச்சு பேசுங்க, எமிஸ் நம்பர் இருக்கறதா, இனிமேதான் எடுக்கணுமான்னு அப்பவே பாத்துடுவாங்க. ப்ரைவேட்னா சில இடத்துல டிசி இல்லாம யோசிப்பாங்க, 8ஆம் வகுப்பு தனித்தேர்வர் சான்றிதழோ என்ஐஓஎஸ் மார்க்ஷீட்டோ கைல இருந்தா பேச்சு சுலபமா முடியும். 9ஆவதுல புதுசா சேக்கறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம், அந்த வயசு கட்டாயக் கல்வி சட்டத்துக்குள்ளயும் வராது, 10ஆவது ரிசல்ட்ட நெனச்சு ஸ்கூல்காரங்களும் தயங்குவாங்க, அதனால ஸ்கூலுக்கு அனுப்பற எண்ணம் கொஞ்சமாவது இருந்தா 8ஆவதுக்குள்ள சேத்துடுங்க.